ஃப்ளோட்டிங் பிரிட்ஜ் கிட்டாரில் கம்பி அறுந்துகொண்டே இருக்கிறதா? சென்னைவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

ஃப்ளாய்ட் ரோஸ் மாதிரி ஃப்ளோட்டிங் பிரிட்ஜ் (கம்பிகளைப் பிடித்தபடி, பலகையில் ஒட்டாமல் மிதந்து நிற்கும் உலோகத் தாங்கி) வைத்த எலெக்ட்ரிக் கிட்டாரை ஆசையாக வாங்கியவர்களில் பலர் கொஞ்ச நாளிலேயே ஒரே புலம்பலுக்கு வந்துவிடுகிறார்கள். "புது செட் போட்டு ஒரு வாரம்கூட ஆகல, முதல் கம்பி போயிடுச்சு." என் கிட்டாரும் அப்படித்தான் இருந்தது. ஒருவர் கம்பியின் பிராண்டை மாற்றச் சொன்னார், இன்னொருவர் பிரிட்ஜையே மாற்றச் சொன்னார். அறுந்த கம்பியைக் கையில் வாங்கிப் பார்த்தவர் யாரும் இல்லை. கடைசியில் பார்த்தால் காரணம் சேடிலில், அதாவது பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் குட்டித் தாங்கியில், இருந்த ஒரு சின்னப் பிசிறு. அதைச் சரிசெய்ய ஆன செலவு ஒரு செட் கம்பியின் விலையைவிடக் குறைவு.

மற்ற கிட்டாரில் ஒரு கம்பி அறுந்தால் மீதி ஐந்தை வைத்துப் பாட்டை ஒப்பேற்றிவிடலாம். இங்கே அது நடக்காது. ஆறு கம்பிகளின் இழுவை ஒரு பக்கம், பின்னால் இருக்கும் ஸ்ப்ரிங்குகளின் இழுவை மறுபக்கம் என்று இரண்டும் சமமாக இருப்பதால்தான் பிரிட்ஜ் நடுவில் நிற்கிறது. ஒன்று அறுந்ததும் ஸ்ப்ரிங் ஜெயித்துவிடும், மீதி ஐந்து கம்பியும் சுருதி ஏறிவிடும். அதனால் காரணத்தைக் கண்டுபிடித்துத் தீர்ப்பது இந்த வகைக் கிட்டாருக்கு அவசியம்.

1. அறுந்த கம்பியைக் குப்பையில் போடாதீர்கள்

அறுந்ததும் கை முதலில் போவது புது பாக்கெட்டுக்குத்தான். கொஞ்சம் பொறுங்கள். இரு முனையும் பூட்டப்படும் பிரிட்ஜில் அறுந்த துண்டுகள் இரண்டும் அதனதன் இடத்திலேயே இருக்கும், ஒன்று சேடில் பூட்டில், மற்றது கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் நட்டின் பூட்டில். எந்தப் பக்கம் குட்டைத் துண்டு நிற்கிறதோ அந்தப் பக்கத்தில்தான் கோளாறு. போனில் கிட்டப் போய் ஒரு படம் எடுத்துக்கொண்டு அப்புறம் கழற்றுங்கள். துண்டை ஒரு சின்ன கவரில் போட்டு, எத்தனையாவது கம்பி, எங்கே அறுந்தது, செட் போட்ட தேதி, அறுந்த தேதி ஆகியவற்றை மேலே எழுதி வையுங்கள். கடைக்குக் கொடுக்க நேர்ந்தால் இதைவிட நல்ல ஆவணம் கிடையாது.

அடுத்து, அறுந்த முனையை லென்ஸில் பாருங்கள். முனை இழுபட்டு மெலிந்து கூராக இருந்தால் கம்பி தாங்குவதற்கு மேல் இழுக்கப்பட்டிருக்கிறது. தட்டையாக நசுங்கியிருந்தால் பூட்டை அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறீர்கள். வெட்டினாற்போல் நேராக இருந்து, ஓரத்தில் ஒரு கீறலும் தெரிந்தால் உலோகப் பிசிறு. முனையும் அதன் அக்கம்பக்கமும் பழுப்பேறியிருந்தால் துரு.

ஒரு கணக்கையும் மனதில் வையுங்கள். ஒரே கம்பி ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அறுந்தால் அந்த இடத்து உலோகத்தில் குறை. வெவ்வேறு கம்பிகள் வெவ்வேறு இடங்களில் அடுத்தடுத்து அறுந்தால் செட் பழசாகிவிட்டது, அல்லது துருப்பிடித்துவிட்டது. இந்த ஒரு பிரிவினை தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

2. என்னென்ன வாங்கி வைக்க வேண்டும், எங்கே கிடைக்கும்

ஆலன் கீ: மில்லிமீட்டர் செட்டாக வாங்குங்கள். ஃப்ளாய்ட் ரோஸ் பிரிட்ஜில் நட் பூட்டுக்கும் சேடில் பூட்டுக்கும் 3 மி.மீ. சாவி. சேடிலை முன்னே பின்னே நகர்த்தும் திருகுக்கு 2.5 மி.மீ. மற்ற கம்பெனி பிரிட்ஜ்களில் அளவு மாறலாம், அதனால்தான் செட்டாக வாங்கச் சொல்கிறேன். மலிவுச் சாவியின் மூலை சீக்கிரம் மழுங்கிவிடும், மழுங்கிய சாவி திருகின் தலையைக் கெடுத்துவிடும். இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள்.

வாட்டர் பேப்பர்: கார் பெயின்ட் அடிப்பவர்கள் பயன்படுத்தும் தாள்தான். 1000, 1500, 2000 நம்பரில் ஒவ்வொன்று. புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் ஆட்டோ பெயின்ட் கடைகளில் சில்லறையாகவே தருவார்கள். உங்கள் ஏரியா ஹார்டுவேர் கடையில் பெரும்பாலும் 400 வரைதான் இருக்கும், அது இந்த வேலைக்கு ரொம்பக் கரடு.

லென்ஸ், டார்ச், கட்டிங் பிளேயர்: ரிச்சி ஸ்ட்ரீட்டில் மூன்றும் ஒரே நடையில் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். ஊசி அரம் வேண்டுமானால் சௌகார்பேட்டையில் நகைப் பட்டறைச் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள், மெல்லிய வட்ட அரம் அங்கே நல்லதாகக் கிடைக்கும்.

இவற்றோடு பிராஸோ (உலோகம் துலக்கும் பாலிஷ்) டப்பா ஒன்று, தையல் மெஷின் எண்ணெய் ஒரு குப்பி, காதுக்குப் பயன்படுத்தும் பஞ்சுக் குச்சி, மாஸ்கிங் டேப், பழைய வேட்டித் துணி. எல்லாம் சேர்த்தாலும், சாவி செட் தவிர, சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

3. முதலில் பிரிட்ஜை அசையாமல் நிறுத்துங்கள்

கம்பியைக் கழற்றினால் பிரிட்ஜ் பின்னால் சாய்ந்து பலகைக்குள் இறங்கிவிடும். அப்படி இறங்கினால் திரும்ப சுருதி சேர்ப்பதற்குள் பொறுமை போய்விடும். கிட்டார் சுருதியில், பிரிட்ஜ் பலகைக்கு இணையாக இருக்கும்போதே பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஸ்ப்ரிங்குகள் மாட்டியிருக்கும் கனத்த உலோகக் கட்டைக்கும் கழுத்துப் பக்கத்து மரச் சுவருக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். அதை ஸ்கேலில் அளந்து, அந்தத் தடிமனுக்கு ஒரு மரத்துண்டை வெட்டி வையுங்கள். எந்தத் தச்சரிடம் கேட்டாலும் மிச்சத் துண்டில் ஐந்து நிமிடத்தில் வெட்டித் தருவார். வேலை செய்யும்போது அதைச் செருகினால் ஆறு கம்பியைக் கழற்றினாலும் பிரிட்ஜ் நகராது.

ஏற்கெனவே கம்பி அறுந்து பிரிட்ஜ் இறங்கிவிட்டதென்றால், துணியை நாலாக மடித்து பிரிட்ஜின் வால் பகுதிக்கு அடியில் செருகி, இணையாக வரும் வரை தூக்கி நிறுத்துங்கள்.

இன்னொன்றையும் இப்போதே செய்துவிடுங்கள். பிக்கப்புகளின் (கம்பியின் அதிர்வை வாங்கும் பாகங்கள்) மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். அவை காந்தம். தேய்க்கும்போது உதிரும் இரும்புத் தூள் போய் ஒட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு.

4. சேடில் பக்கம் அறுந்தால்

அதிகம் அறுவது இங்கேதான். காரணமும் இருக்கிறது. பாரை (பிரிட்ஜை ஆட்டும் கைப்பிடி) அழுத்தும்போதும் தூக்கும்போதும் பிரிட்ஜ் சாய்கிறது, ஆனால் கம்பி நட்டை நோக்கி நேராகத்தான் நிற்கிறது. ஆக, சேடிலை விட்டுக் கம்பி வெளியே வரும் அந்த ஒரு புள்ளியில் கோணம் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. கட்டுக்கம்பியைக் கொத்தனார் கையாலேயே முன்னும் பின்னும் மடித்து ஒடிப்பாரே, அதே வேலைதான் அங்கே சிறிய அளவில் நடக்கிறது. அந்தப் புள்ளியில் சேடில் வழுவழுப்பாக இருந்தால் கம்பி பல வாரம் தாங்கும். ஒரு பிசிறு இருந்தால் அது கம்பியில் கீறல் போடும், ஒவ்வொரு மடிப்பிலும் கீறல் ஆழமாகும், ஒருநாள் பட்டென்று போய்விடும்.

பிசிறைக் கண்டுபிடிப்பது எப்படி: கம்பியைக் கழற்றிவிட்டு, பஞ்சுக் குச்சியைச் சேடிலின் பள்ளத்தில் கம்பி போகும் திசையிலேயே மெதுவாக இழுங்கள். நல்ல சேடிலில் பஞ்சு வழுக்கிக்கொண்டு போகும். பிசிறு இருந்தால் அந்த இடத்தில் ஒரு நூலிழை மாட்டிக்கொண்டு நிற்கும். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து லென்ஸில் பாருங்கள், பஞ்சிழை நிற்கும் இடத்தில் ஒரு சின்ன மினுக்கு தெரியும். விரலால் தடவினால் எதுவுமே தெரியாது. "தடவிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரிசெய்வது எப்படி: கழற்றிப் போட்ட பழைய செட்டிலிருந்து சுற்றுக்கம்பி (மேலே மெல்லிய கம்பி சுற்றியிருக்கும் தடித்த கம்பி) ஒன்றை எடுங்கள். மெல்லிய கம்பியின் சேடிலுக்கு நான்காவது கம்பி, தடித்த கம்பியின் சேடிலுக்கு ஆறாவது. அதில் பிராஸோ தடவி, சேடில் பள்ளத்தில் வைத்து, கம்பி போகும் திசையிலேயே முன்னும் பின்னும் இழுங்கள். சுற்றுக்கம்பியின் வரிகளே மென்மையான அரமாக வேலை செய்யும். அரை நிமிடம் இழுத்துவிட்டு, துடைத்து, மறுபடி பஞ்சுக் குச்சி வைத்துப் பாருங்கள். இன்னும் மாட்டினால் 1500 தாளை மெல்லிய சுருளாகச் சுருட்டி நாலைந்து இழுப்பு, பிறகு 2000, பிறகு மீண்டும் பிராஸோ. குறுக்குவாட்டில் மட்டும் தேய்த்துவிடாதீர்கள், புதுசாகக் கீறல்களை நீங்களே உண்டாக்கியது போல் ஆகிவிடும். ஊசி அரத்தைத் தொட வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. பெரிய பிசிறாக இருந்தால் மட்டும் ஒன்றிரண்டு இழுப்பு.

தேய்த்த இடத்தில் முலாம் கொஞ்சம் போயிருக்கும். சென்னைக் காற்றில் அப்படியே விட்டால் துரு பிடிக்கும். பஞ்சு நுனியில் மெஷின் எண்ணெய் ஒரு துளி தொட்டு ஒற்றி எடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துப் போய்த் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

சேடில் என்ன உலோகம் என்று தெரிந்துகொள்வது நல்லது. ஃப்ளாய்ட் ரோஸ் ஒரிஜினலில் சேடில் கடினப்படுத்திய எஃகு. ஸ்பெஷல் என்ற பெயரில் வரும் மலிவு வகையில் துத்தநாகக் கலவை. இது மெத்து, கம்பி நாளடைவில் அதில் பள்ளம் போட்டுவிடும். தேய்த்தால் சில மாதம் நிம்மதி, மறுபடி வரும். அப்படியிருந்தால் சேடிலை மட்டும் எஃகில் மாற்றலாம், முழு பிரிட்ஜையும் மாற்ற வேண்டியதில்லை. சேடில்களைக் கழற்றினால் வரிசையைக் குழப்பாதீர்கள். நடு இரண்டும் உயரம், ஓரம் இரண்டும் தாழ்வு, இடையில் இருப்பவை நடுத்தர உயரம். இடம் மாறினால் விரல்பலகையின் வளைவோடு கம்பிகள் ஒத்துப்போகாது.

இன்னும் இரண்டு விஷயம் சேடிலுக்குள்ளேயே இருக்கிறது. கம்பியைப் பிடிக்கும் குட்டி எஃகுக் கட்டையை எடுத்துப் பாருங்கள். கம்பி அழுத்திய இடத்தில் ஆழமான தடம் விழுந்திருந்தாலோ, மூலை உடைந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். இவை தனி செட்டாகவே கிடைக்கும். கழற்றும்போது கீழே துணி விரித்துக்கொள்ளுங்கள், ஓடிப்போனால் தேடுவது கஷ்டம். அடுத்தது முறுக்கும் பலம். சாவியின் குட்டைக் கையைத் திருகில் வைத்து நீளக் கையைப் பிடித்து முறுக்கினால் நமக்கே தெரியாமல் பலம் கூடிவிடும். நீளக் கையைத் திருகில் நுழைத்து, குட்டைக் கையைப் பிடித்து முறுக்குங்கள். விரலுக்கு இறுக்கமாகத் தெரிந்ததும் நிறுத்துங்கள். கம்பி வழுகவில்லை என்றால் அதுவே போதும்.

பூட்டு இல்லாத, ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) பாணியில் ஆறு திருகு அல்லது இரு தூண் பிரிட்ஜ் உங்களுடையது என்றால், கம்பி மூன்று இடங்களில் உரசலாம். அடித்தட்டின் துளை விளிம்பு, வளைத்த சேடிலின் துவாரத்து முன்விளிம்பு, கம்பி உட்காரும் முகடு. மூன்றிலும் அதே பஞ்சுச் சோதனை. சேடிலை ரொம்பத் தாழ்த்தி வைத்திருந்தால் முன்விளிம்பில் உரசல் நிச்சயம். கழுத்துக் கோணத்தைச் சரிசெய்துவிட்டுச் சேடிலைத் தூக்குவதுதான் அதற்கு வழி.

5. நட் பக்கமோ ட்யூனர் பக்கமோ அறுந்தால்

புதிதாக வாங்கியவர்கள் மாட்டிக்கொள்ளும் பொறி இங்கே இருக்கிறது. நட் பூட்டியிருக்கும்போதே ட்யூனரை (தலைப்பக்கத்தில் கம்பியை முறுக்கிச் சுருதி ஏற்றும் பாகம்) திருப்புவது. பூட்டுக்கு அந்தப் பக்கம் சுருதி மாறாது, காதில் வித்தியாசம் கேட்காது, கை மட்டும் திருப்பிக்கொண்டே போகும். ட்யூனருக்கும் நட்டுக்கும் நடுவே இருக்கும் அந்தச் சில அங்குலத் துண்டு மட்டும் இழுபட்டு அறுந்துவிடும். ட்யூனரைத் தொடுவதற்கு முன் நட் பூட்டு திறந்திருக்கிறதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

நட் பூட்டையும் நசுக்க வேண்டாம். மேல் பட்டையைத் திருப்பிப் பாருங்கள், ஒவ்வொரு பட்டையும் இரண்டு கம்பிகளைப் பிடிக்கிறது. அடியில் ஆழமான தடம் இருந்தால் கம்பி அதன் விளிம்பில் வெட்டுப்படும். லேசான தடத்தைச் சமமான கண்ணாடி மேல் 1000 தாளை விரித்துத் தேய்த்து எடுக்கலாம். ஆழமாக இருந்தால் புதுப் பட்டைதான்.

ட்யூனர் கம்பத்தின் துளையில் அறுந்தால் துளை விளிம்பு கூராக இருக்கிறது. ஊசி அரத்தால் விளிம்பை மழுக்கிவிடுங்கள். இது பத்து நிமிட வேலை.

கம்பியின் நடுவில் அறுவது அரிது. அப்படி அறுந்தால் அந்த இடத்துக்கு நேர் கீழே உள்ள ஃப்ரெட்டில் (விரல்பலகையின் குறுக்கே உள்ள உலோகப் பட்டி) பள்ளமோ பிசிறோ இருக்கிறதா என்று பாருங்கள். எதுவும் இல்லையென்றால் துருதான்.

6. தடித்த செட்டுக்கு மாறினால் தீருமா?

"ஒன்பதை விட்டுட்டு பத்துக்குப் போங்க, அறாது" என்பது நீங்கள் அடிக்கடி கேட்கப்போகும் யோசனை. இந்த எண்கள் கம்பியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில்; 9-42 என்றால் முதல் கம்பி 9, ஆறாவது 42. இதில் பாதிதான் உண்மை. சுற்றில்லாத எஃகுக் கம்பியில், ஒரே நீளத்துக்கு ஒரே சுருதி வைத்தால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு வரும் இழுவை தடிமனைப் பொறுத்து மாறாது. தடித்த கம்பி அதிகம் தாங்கும், ஆனால் அதே சுருதிக்கு அதை அதிகமாக இழுக்கவும் வேண்டும், இரண்டும் சரிக்குச் சரி. சுற்றில்லாத மூன்று கம்பிகளில் சுருதி அதிகமான முதல் கம்பிக்குத்தான் இந்த இழுவை மிக அதிகம். அதனால்தான் அதுவே முதலில் போகிறது. தடித்த கம்பியால் கிடைக்கும் லாபம், அதே ஆழமுள்ள கீறல் அதை அவ்வளவு சீக்கிரம் அறுக்காது என்பதுதான். பிசிறை எடுக்காமல் தடிமனை மட்டும் கூட்டினால் அறுவது கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவே.

அதோடு வேறொரு வேலையும் சேர்ந்து வரும். 25.5 அங்குல நீளக் கிட்டாரில் 9-42 செட்டின் மொத்த இழுவை சுமார் 38 கிலோ, 10-46 செட்டுக்குச் சுமார் 47 கிலோ. வித்தியாசத்தை ஈடுகட்டப் பின்னால் இருக்கும் ஸ்ப்ரிங் கொக்கியின் இரு திருகுகளையும் உள்ளே முறுக்க வேண்டும், சில சமயம் ஒரு ஸ்ப்ரிங் கூடுதலாகவும் மாட்ட வேண்டும். கழுத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாரை மேலே தூக்குவதைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று ஃப்ரெட் அளவுக்குச் சுருதி ஏறும்படி தூக்கினால் கம்பியின் இழுவை 41 சதவீதம் கூடுகிறது. புதுக் கம்பி இதைத் தாங்கும். துருவேறிய, கீறல் விழுந்த கம்பி தாங்காது. தூக்கி வாசிப்பது உங்கள் பாணி என்றால் முதல் கம்பியை மட்டுமாவது செட்டின் பாதி ஆயுளில் மாற்றிவிடுங்கள். ஒற்றைக் கம்பியாகவும் விற்கிறார்கள், செட் வாங்குவதைவிட மலிவு.

7. புதுக் கம்பியை மாட்டும்போது

ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டுங்கள். கம்பியின் குண்டு முனையை வெட்டும் பிரிட்ஜ் என்றால், குண்டை மட்டும் வெட்டினால் போதாது. குண்டுக்குப் பக்கத்தில் கம்பி தன்னையே சுற்றிக்கொண்டிருக்கும் முறுக்குப் பகுதியும் முழுதாகப் போக வேண்டும். அந்த முறுக்கு பூட்டுக்குள் மாட்டினால் ஒரு புரி மட்டும் நசுங்கி, அங்கேயே அறும். வெட்டும்போது துண்டு தெறிக்கும், கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். டி'அடாரியோ செட்டில் எது எந்தக் கம்பி என்பது குண்டின் நிறத்தை வைத்துத்தான் தெரியும், முதல் கம்பிக்கு வெள்ளி நிறம், இரண்டாவதற்கு ஊதா, மூன்றாவதற்குப் பச்சை. எல்லாக் குண்டையும் மொத்தமாக வெட்டிவிட்டால் ஒன்பதையும் பதினொன்றையும் கண்ணால் பிரித்தறிவது சிரமம். முதல் கம்பி இடத்தில் இரண்டாவது கம்பியை மாட்டி E-க்கு ஏற்றினால் இழுவை கூடி பிரிட்ஜின் சமநிலையே குலைந்துவிடும்.

கம்பியைப் பூட்டுக்குள் நேராக, நடுவாக இறக்குங்கள். சாய்ந்து உட்கார்ந்தால் விளிம்பு அதை வெட்டும். ட்யூனரில் வழக்கத்தைவிட இரண்டு மூன்று சுற்று அதிகமாக விட்டு வையுங்கள். எதற்கு என்பதைக் கடைசிப் படியில் சொல்கிறேன்.

பூட்டிய பிறகு சுருதியைக் கொஞ்சம் ஏற்றி இறக்க பிரிட்ஜில் இருக்கும் நுண்திருகுகள் ஆறையும் நடுநிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, நட்டைத் திறந்தபடியே சுருதி சேருங்கள். கம்பியை விரலால் மெல்லத் தூக்கித் தூக்கி நீட்டிவிடுங்கள், சுண்டி இழுக்காதீர்கள். சுருதி இறங்காமல் நிற்கும்வரை இதைத் திரும்பச் செய்துவிட்டு, மரத்துண்டை எடுத்து, பிரிட்ஜ் இணையாக நிற்கிறதா பாருங்கள். வால் மேலே தூக்கியிருந்தால் ஸ்ப்ரிங் கொக்கித் திருகுகளை உள்ளே முறுக்குங்கள், இறங்கியிருந்தால் தளர்த்துங்கள். ஒவ்வொரு தடவையும் கால் சுற்றுதான், உடனே மறுபடி சுருதி. எல்லாம் நிலைத்த பிறகுதான் நட் பூட்டு. பிரிட்ஜின் உயரத்தை மாற்றும் இரு தூண்களைக் கம்பிகள் முழு இழுவையில் இருக்கும்போது திருகாதீர்கள், பிரிட்ஜின் கத்திமுனை (தூணில் சாய்ந்து நிற்கும் கூர்விளிம்பு) மழுங்கிவிடும்.

முதல் தடவை இதற்கு ஒரு மாலைப்பொழுது முழுக்க ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குக் கச்சேரி, இன்று ராத்திரி மாற்றலாம் என்று திட்டம் போடாதீர்கள். புதுக் கம்பி நிலைக்க ஒரு நாளாவது வேண்டும்.

8. வியர்வை, கடற்காற்று, ஏசி

பெசன்ட் நகர், திருவான்மியூர், சாந்தோம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இரும்புக் கேட்டு என்ன கதி ஆகிறது என்று தெரியும். கம்பிக்கும் அதே உப்புக்காற்றுதான். நகரத்தின் உட்புறத்தில் இருந்தாலும் வியர்வை விடாது. வியர்வையின் உப்பு சேடில் பள்ளத்தில் தங்கிவிடுகிறது, அறுவதும் அங்கேதான். அதனால் வாசித்து முடித்ததும் கம்பியை மேலே மட்டும் துடைக்காமல், துணியைக் கம்பிக்கு அடியில் நுழைத்தும் துடையுங்கள், சேடில்களின் மேலும் ஒரு ஒற்று ஒற்றுங்கள். வேட்டித் துணி இதற்கு அருமையாக இருக்கும், நூல் உதிராது.

ஏசி அறையில் குளிர்ந்த கிட்டாரை உடனே வெளிக்காற்றில் திறக்காதீர்கள். ஈரக்காற்றிலிருக்கும் நீர் அப்படியே குளிர்ந்த உலோகத்தின் மேல் முத்து முத்தாகப் படியும். பெட்டியை மூடியபடி வெளியே கொண்டுவந்து, கால் மணி நேரம் கழித்துத் திறங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நீல நிற வகையாக வாங்கினால் வெளிறி ரோஸ் நிறமானதும் மாற்ற வேண்டும் என்று தெரிந்துவிடும். ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் கிட்டாரைச் சுவர் ஸ்டாண்டில் தொங்கவிடுவதைவிடப் பெட்டியில் வைப்பது மேல்.

உறை பூசிய கம்பிகளான எலிக்ஸர், டி'அடாரியோ எக்ஸ்.எஸ். போன்றவை சாதாரண செட்டைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விலை இருக்கும். துருவால் அறுகிறவர்களுக்கு இந்தக் காசு தகும். பிசிறால் அறுகிறவர்களுக்கு இது வீண் செலவு. முதல் படியில் முனையைப் பார்க்கச் சொன்னது இதற்காகவும்தான்.

9. கடைக்குக் கொடுப்பதாக இருந்தால்: பில், ரசீது, நாள்

கிட்டார் உத்தரவாதக் காலத்தில் இருந்தால் எதையும் தேய்ப்பதற்கு முன் வாங்கிய இடத்தில் கேளுங்கள். நீங்களே கைவைத்துவிட்டால் அதையே காரணம் காட்டித் தட்டிக்கழிக்கலாம். கையில் இருக்க வேண்டியவை: ஜி.எஸ்.டி. பில், உத்தரவாத அட்டை, சீரியல் நம்பரின் படம், நீங்கள் தேதி எழுதி வைத்த அறுந்த துண்டுகள். கம்பி உத்தரவாதத்தில் வராது. புதுக் கிட்டாரின் சேடிலில் பிசிறு இருந்தால் அது தயாரிப்புக் குறை, அதைத் தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள்.

பழுது பார்ப்பவரிடம் கொடுக்கும்போது "கம்பி அறுது, பாருங்க" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். "முதல் கம்பி சேடில் வாயில் அறுகிறது, பஞ்சு மாட்டுகிறது, அந்தச் சேடிலை மட்டும் பாலிஷ் பண்ணுங்க" என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். மொட்டையாகச் சொன்னால் முழு செட்டப் செலவு உங்கள் தலையில் விழும். ஃப்ளோட்டிங் பிரிட்ஜ் செட்டப்புக்குச் சாதாரண பிரிட்ஜைவிட அதிகம் வாங்குவார்கள். வேலையும் அதிகம்தான், அதில் குறை சொல்ல முடியாது. தொகை கடைக்குக் கடை மாறுகிறது, அதனால் கம்பி விலை அதில் சேர்த்தியா தனியா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். டிசம்பர் சீசனுக்கும் கல்லூரி விழாக்களுக்கும் முன்னால் கூட்டம் அதிகம் இருக்கும், அப்போது கொடுத்தால் கைக்கு வர நாளாகும்.

திருகு கெட்டிருந்தால் பழைய திருகைச் சாம்பிளாக எடுத்துக்கொண்டு பாரிமுனைப் பக்கத்துப் போல்ட்-நட் கடைகளுக்குப் போங்கள். பூட்டுத் திருகுக்கு ஹை டென்சைல் என்று கேட்டு வாங்குங்கள், சாதாரண ஸ்டெயின்லெஸ் மெத்து. சேடிலையோ பூட்டுக் கட்டையையோ வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கூரியர்காரர்கள் கே.ஒய்.சி.க்கு ஆதார் அல்லது பான் கேட்பார்கள், அனுப்பாவிட்டால் பார்சல் சுங்கத்திலேயே நிற்கும். ஷிப்பிங், வரி எல்லாம் சேர்த்தால் சின்னப் பொருளின் விலையையே தாண்டிவிடும். அண்ணா சாலையில் மியூசி மியூசிக்கல் போன்ற கடைகளில் முதலில் விசாரித்துவிட்டு அப்புறம் வரவழைப்பதைப் பற்றி யோசியுங்கள்.

போலிக் கம்பிகளும் சந்தையில் இருக்கின்றன. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் வாங்காதீர்கள். டி'அடாரியோ பாக்கெட்டுக்குள் ஒரு குறியீட்டு எண் இருக்கும், அதைக் கம்பெனி தளத்தில் பதிந்து பார்த்தால் அசலா என்று தெரிந்துவிடும்.

10. மேடையில் அறுந்தால்

ட்யூனரில் கூடுதலாகச் சுற்றி வைக்கச் சொன்னேனே, அது இதற்குத்தான். கம்பி சேடில் வாயில் அறுந்திருந்தால், நட்டைத் திறந்து, ட்யூனரிலிருந்து இரண்டு சுற்றை அவிழ்த்து, அதே கம்பியைக் கீழே இழுத்துச் சேடிலில் மறுபடி பூட்டிவிடலாம். ஏற்கெனவே நீண்டு பழகிய கம்பி என்பதால் சுருதி சீக்கிரம் நிற்கும். வீட்டில் நாலைந்து தடவை பழகினால் ஒரு பாட்டு இடைவெளியில் முடித்துவிடலாம். ஆறு கம்பியும் சமநிலைக்குத் திரும்பிவிடுவதால் மற்ற ஐந்தும் தானாகவே பழைய சுருதிக்குப் பக்கத்தில் வந்துவிடும், மீதியை நுண்திருகில் சேர்த்துக்கொள்ளலாம்.

பையில் 3 மி.மீ. சாவி இரண்டு, ஒற்றை முதல் கம்பிகள் குண்டும் முறுக்கும் ஏற்கெனவே வெட்டியவை, கட்டிங் பிளேயர், மூன்றாம் படியில் வெட்டிய அந்த மரத்துண்டு இவை எப்போதும் இருக்கட்டும். மரத்துண்டைப் பின்னால் செருகிவிட்டால் மீதி ஐந்து கம்பியும் சுருதி ஏறாது. பாரை மேலே தூக்க முடியாது, அழுத்தினால் மரத்துண்டு கழன்று விழலாம், அதனால் பாரைத் தொடாமல் அந்தப் பாட்டை முடித்துவிடுங்கள். இதற்குப் பின்மூடி இல்லாமல் மேடையேற வேண்டும். ஃப்ளோட்டிங் பிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் பலர் மூடியை மாட்டாமலே வைத்திருப்பதற்கு ஒரு காரணம் இதுவும்தான். கழற்றிய மூடியையும் திருகுகளையும் கிட்டார் பெட்டியிலேயே ஒரு கவரில் போட்டு வையுங்கள், விற்கும்போது கேட்பார்கள்.